லிப்ரே ஆபிஸ்ல எந்த ஃபைல ஓப்பன் பண்ணாலும் ரீட்-ஒன்லினு வருது, சேவ் ஆக மாட்டேங்குது

ஜெராக்ஸ்கடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். காலேஜ் பக்கத்துல சின்னதா ஒரு டிடிபி கடை வெச்சிருக்கேன், ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங், ப்ராஜெக்ட் டைப்பிங் இதான் வேலை. கடைல ஒரு சிஸ்டத்துல விண்டோஸ் 10, லினக்ஸ் மின்ட் ரெண்டும் போட்டிருக்கு. டைப்பிங் எல்லாம் மின்ட்ல லிப்ரே ஆபிஸ் ரைட்டர்லதான், கலர் பிரிண்டருக்கு மட்டும் மின்ட்ல டிரைவர் சரியா அமையலங்கறதால விண்டோஸுக்குள்ள போவோம். கஸ்டமர் ஃபைல் மொத்தமும் டி டிரைவ்ல கெடக்கு, ரெண்டு பக்கத்துலேர்ந்தும் எடுத்துக்கலாம்னு அப்பவே அப்படி வெச்சது.

நேத்து சாயங்காலம் ஒரு பிஎச்டி தீசிஸ் டைப் பண்ணிட்டிருக்கும்போது கரன்ட் போச்சு, யூபிஎஸ் பேட்டரி ஏற்கனவே செத்துப்போச்சு, சிஸ்டம் பட்டுனு ஆஃப் ஆயிடுச்சு. கரன்ட் வந்தப்புறம் விண்டோஸ்ல போயி அவசரமா ஒரு ஃப்ளெக்ஸ் டிசைன் பிரிண்ட் எடுத்துட்டு ஷட் டவுன் பண்ணி கடைய சாத்திட்டோம். இன்னைக்கு காலைல மின்ட்ல தீசிஸ ஓப்பன் பண்ணா மேல ரீட்-ஒன்லினு ஒரு பட்டை வருது, பக்கத்துல "எடிட் டாக்குமென்ட்"னு பட்டன், அத அமுக்குனா உங்களுக்கு பர்மிஷன் இல்லாம இருக்கலாம், காப்பி எடுத்து எடிட் பண்றீங்களானு கேக்குது. தீசிஸ் மட்டும் இல்ல, டி டிரைவ்ல எந்த ஃபைல தொறந்தாலும் இதே கதைதான், பழைய பத்திரிக்கை டிசைன் கூட.

சேவ் ஆஸ் குடுத்து டெஸ்க்டாப்ல போட்டா மட்டும் சேவ் ஆகுது. அப்படி பண்ணி பண்ணி இப்ப "தீசிஸ் ஃபைனல்", "தீசிஸ் ஃபைனல் 2", "தீசிஸ் கைடு கரெக்சன் புதுசு"னு டெஸ்க்டாப் பூரா காப்பியா கெடக்கு. நான் ஒண்ணுல ரெண்டாவது சாப்டர் திருத்திட்டேன், கடை பையன் இன்னொண்ணுல நாலாவது சாப்டர் டேபிள் எல்லாம் போட்டுட்டான். நாளைக்கு சாயங்காலம் அந்தப் பொண்ணு பிரிண்டுக்கு வருது. யாராவது வழி சொல்லுங்க, ஃபார்மேட் பண்ணுனு மட்டும் சொல்லாதீங்க.

மவுஸ்பேடு எழுதியது:

பாஸ் இது லாக் ஃபைல் பிரச்சனை, ரொம்ப சிம்பிள். லிப்ரே ஆபிஸ் ஒரு ஃபைல தொறந்ததும் அதே ஃபோல்டர்ல மறைவா இன்னொரு குட்டி ஃபைல் வைக்கும், பேரு புள்ளில ஆரம்பிக்கும், அப்புறம் அலை மாதிரி குறி, லாக்குனு இருக்கும், அதுக்கப்புறம் உங்க ஃபைல் பேரு, கடைசில ஹேஷ் குறி. ஒழுங்கா குளோஸ் பண்ணா அது தானா போயிடும், கரன்ட் போனா அங்கேயே தங்கிடும், அடுத்த தடவை யாரோ ஏற்கனவே தொறந்து வெச்சிருக்காங்கனு நெனச்சுக்கும். ஃபைல் மேனேஜர்ல கன்ட்ரோல் + எச் அமுக்குங்க, மறைஞ்சிருக்கறதெல்லாம் தெரியும், அந்த ஃபைல டெலிட் பண்ணிட்டு மறுபடி ஓப்பன் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி லிப்ரே ஆபிஸ் முழுசா குளோஸ் ஆயிருக்கானு சிஸ்டம் மானிட்டர்ல பாத்துக்கோங்க, விண்டோ மூடுனாலும் சில நேரம் பின்னாடி ஓடிட்டே இருக்கும்.

ஜெராக்ஸ்கடை எழுதியது:

நன்றி பாஸ், பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியே ஒரு லாக் ஃபைல் இருக்கு. ஆனா டெலிட் ஆக மாட்டேங்குது, ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்னு எர்ரர். சரி வேற ஃபோல்டருக்கு தூக்கிடலாம்னு பாத்தா கட் பண்றதே வரல. ரைட் கிளிக் பண்ணா நியூ ஃபோல்டர் கூட மங்கலா இருக்கு. பையன் யூடியூப் பாத்து டெர்மினல்ல பர்மிஷன் மாத்துற கமாண்ட் போட்டான், சூடோ (அட்மின் அதிகாரம்) போட்டும் அதுக்கும் அதே எர்ரர்தான்.

பழைய பென்குயின் எழுதியது:

தம்பி, அந்தப் பையன மேற்கொண்டு எந்த கமாண்டும் போட வேணாம்னு சொல்லு. லாக் ஃபைல் அங்க இருக்கறது வாஸ்தவம், ஆனா உன் பிரச்சனைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. நீ முதல் போஸ்ட்லயே விடைய எழுதிட்ட, "எந்த ஃபைல தொறந்தாலும்"னு. கரன்ட் போனப்ப தொறந்திருந்தது தீசிஸ் ஒண்ணுதானே, பத்திரிக்கை டிசைனுக்கு ஏன் லாக் விழப்போகுது? இன்னொண்ணு, லாக்னால வர்ற மெசேஜே வேற. டாக்குமென்ட் யூஸ்ல இருக்குனு சொல்லி யாரு தொறந்து வெச்சிருக்காங்கனு பேரும் போட்டு, ரீட்-ஒன்லியா தொறக்கவா காப்பியா தொறக்கவானு கேக்கும். உனக்கு பர்மிஷன் இல்லாம இருக்கலாம்னு வந்திருக்கு. அதாவது லிப்ரே ஆபிஸ் எழுத ரெடியாதான் இருக்கு, டிஸ்க்தான் எழுத விட மாட்டேங்குது.

இந்த மாதிரி ரீட்-ஒன்லினு யாரு வந்தாலும் நான் மொதல்ல கேக்கறது இதுதான்: அதே ஃபோல்டர்ல புதுசா ஒரு ஃபோல்டர் போட முடியுதா? போட முடியலன்னா ஃபைல நோண்டி பிரயோஜனமே இல்ல, டிரைவோ ஃபோல்டர் பர்மிஷனோதான் காரணம். போட முடிஞ்சா அப்புறம் அந்த ஒத்த ஃபைல என்னனு பாக்கலாம். உனக்கு நியூ ஃபோல்டரே மங்கலா இருக்குங்கற, சூடோவுக்கும் ஃபைல் சிஸ்டமே ரீட்-ஒன்லினு சொல்லுது, அப்ப டிரைவ் மொத்தமும் ரீட்-ஒன்லியா மவுன்ட் ஆயிருக்கு, அதாவது மின்ட் அத படிக்க மட்டும்தான் இணைச்சிருக்கு.

ஏன்னா, நேத்து நீ கடைசியா விண்டோஸ்ல போயி ஷட் டவுன் பண்ணியே அதுதான். விண்டோஸ் 8லேர்ந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு இருக்கு, ஷட் டவுன் குடுத்தா விண்டோஸ் முழுசா அணையாது, தன்னோட கெர்னல (விண்டோஸோட உள்மையம்) அப்படியே ஹைபர்நேஷன் ஃபைலா சி டிரைவ்ல எழுதி வெச்சிட்டு தூங்கிடும், அடுத்த நாள் அதையே எடுத்து வேகமா எழுந்துக்கும். அப்ப டி டிரைவும் அது கணக்குல இன்னும் தொறந்தேதான் கெடக்கு. இந்தப் பக்கம் மின்ட் அதுல எதையாவது எழுதிடுச்சுன்னு வெய்யி, விண்டோஸ் முழிச்சதும் பழைய கணக்கையே மேல எழுதி ஃபைல் மொத்தத்தையும் குட்டிச்சுவராக்கிடும். அதனாலதான் லினக்ஸ்ல இருக்கற என்டிஎஃப்எஸ் டிரைவர் (விண்டோஸ் டிரைவ படிக்க உதவற சாஃப்ட்வேர்) இந்த மாதிரி டிரைவ பாத்தாலே படிக்க மட்டும் விட்டுட்டு எழுதறத நிறுத்திடும். உனக்கு எரிச்சலா இருக்கும், ஆனா அது நல்லதுதான் பண்ணுது. நெட்ல தேடினா ஹைபர்நேஷன் ஃபைல அழிச்சிட்டு வலுக்கட்டாயமா மவுன்ட் பண்ற ஆப்ஷன் ஒண்ணு வரும், அதப் போடாத, விண்டோஸ்ல சேவ் பண்ணாம வெச்சது ஏதாவது இருந்தா போயிடும். கஸ்டமர் ஃபைல் கெடக்கற டிரைவ்ல அந்த விளையாட்டு வேணாம்.

பண்ண வேண்டியது இதான். டெஸ்க்டாப்ல இருக்கற காப்பி எல்லாத்தையும் மொதல்ல ஒரு பென்டிரைவ்ல போட்டு வெச்சிடு. அப்புறம் விண்டோஸ்ல பூட் பண்ணி கன்ட்ரோல் பேனல் போ, பவர் ஆப்ஷன்ஸ்ல இடது பக்கம் பவர் பட்டன் என்ன பண்ணணும்னு தேர்ந்தெடுக்கற லிங்க் இருக்கும், உள்ள போனா கீழ ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக் மங்கலா இருக்கும், மேல "சேஞ்ச் செட்டிங்ஸ்"னு நீல கலர்ல இருக்கறத அமுக்குனாதான் அது உயிர் பெறும், டிக்க எடுத்துட்டு சேவ் பண்ணு. நேத்து கரன்ட் போயி சிஸ்டம் விழுந்திருக்கறதால டி டிரைவ ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ்ல போயி எர்ரர் செக்கும் ஒரு தடவை ஓட விட்டுடு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இல்லாமலும் டிரைவ் அழுக்குனு, அதாவது சரிபாக்க வேண்டியதுனு, குறிச்சு வெச்சிருக்கலாம். எல்லாம் முடிஞ்சதும் ஷட் டவுன் பண்ணி மின்ட்டுக்கு வா. கஸ்டமர் நிக்கறாங்க செட்டிங் மாத்த நேரமில்லன்னா ஷிஃப்ட்ட அமுக்கிகிட்டே ஷட் டவுன் குடு, இல்ல ரீஸ்டார்ட் குடு, அந்த ரெண்டுலயும் விண்டோஸ் முழுசாவே அணையும். ரொம்பப் பேருக்கு இது தெரியாது, ரீஸ்டார்ட் பண்ணா வேலை செய்யுது ஷட் டவுன் பண்ணா செய்யலனு தலைய பிச்சுக்குவாங்க.

அப்புறம் லாக் ஃபைல் பத்தி, மவுஸ்பேடு சொன்னது தப்பில்ல. ஆனா அதே மெஷின்ல அதே யூசர்ல விட்டுப்போன லாக்குனா லிப்ரே ஆபிஸ் பெரும்பாலும் நம்மளதுதான்னு புரிஞ்சுகிட்டு கேக்காமலே தாண்டிப் போயிடும். வேற சிஸ்டத்துலேர்ந்து விழுந்த லாக்னாதான் மல்லுக்கட்டும். அந்த ஃபைல டெக்ஸ்ட் எடிட்டர்ல தொறந்து பாரு, எந்த யூசர், எந்த மெஷின், எந்த தேதி எத்தன மணினு ஒரே வரில எழுதியிருக்கும்.

கணக்குப்புள்ள எழுதியது:

குறுக்க வர்றதுக்கு மன்னிச்சுக்கோங்க, எனக்கும் ரீட்-ஒன்லிதான் ஆனா எக்செல். எங்க ஆபீஸ்ல ஸ்டாக் ரெஜிஸ்டர் ஒரு எக்செல் ஃபைலா ஷேர் ஃபோல்டர்ல இருக்கு, எல்லாரும் அதுலதான் போடுவோம். தொறந்தா லாக்டு ஃபார் எடிட்டிங்னு வருது, யாருனு பாத்தா ரெண்டு வருஷம் முன்னாடி வேலைய விட்டுப் போன ஒருத்தர் பேரு. அவரு இப்ப வேற ஊர்ல இருக்காரு. போன் பண்ணி கேட்டோம்னு சொன்னா சிரிப்பீங்க, ஆனா நெஜமாவே எங்க மேனேஜர் பண்ணாரு.

மவுஸ்பேடு எழுதியது:

மேனேஜருக்கு என் வணக்கத்த சொல்லுங்க சார். அந்தப் பேரு விண்டோஸ் லாகின் பேரு கெடையாது, எக்செல்ல ஃபைல், ஆப்ஷன்ஸ், ஜெனரல்ல யூசர் நேம்னு ஒரு பெட்டி இருக்கு, அதுல என்ன இருக்கோ அதத்தான் காட்டும். போனவரோட சிஸ்டத்த இப்ப வேற யாராவது யூஸ் பண்ணுவாங்க, பேர மாத்தியிருக்க மாட்டாங்க, அவ்ளோதான். சில ஆபீஸ்ல சிஸ்டம் வித்தவரு பேரே எல்லா மெஷின்லயும் இருக்கும், யாரு தொறந்திருந்தாலும் அவரு பேர்தான் வரும். எல்லா சிஸ்டத்துலயும் போயி அந்தப் பெட்டில அவங்கவங்க பேர போட வைங்க.

இப்போதைக்கு யாருனு கண்டுபிடிக்கணும்னா ஃபோல்டர் ஷேர் பண்ணியிருக்கற மெஷின்ல கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் தொறந்து ஷேர்டு ஃபோல்டர்ஸ், ஓப்பன் ஃபைல்ஸ்ல பாருங்க, எந்த லாகின் தொறந்து வெச்சிருக்குனு இருக்கும், செஷன்ஸ்ல மெஷின் பேரும் தெரியும். அங்கேயே குளோஸும் பண்ணலாம், ஆனா அவரு சேவ் பண்ணாம வெச்சிருந்தா அது போச்சு, அதனால எழுந்து போயி நேர்ல கேக்கறது பெட்டர். யாருமே தொறக்கலன்னா எக்செல் வெச்ச ஓனர் ஃபைல் தங்கியிருக்கும், அலைக்குறியும் டாலர் குறியும் போட்டு ஆரம்பிக்கும், மறைஞ்சிருக்கும், அத அழிச்சா போதும். இன்னொரு திருடன் இருக்கான், ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல வலது பக்கம் ப்ரிவியூ பேன். யாராவது சும்மா ஃபைல் மேல ஒரு கிளிக் பண்ணி செலக்ட் பண்ணி வெச்சிருந்தாலே ப்ரிவியூ காட்டறதுக்காக அத புடிச்சு வெச்சுக்கும். ஆல்ட் + பி அமுக்கி அத மூட சொல்லுங்க.

டீச்சரம்மா எழுதியது:

எனக்கு வேர்டுல சார். மெயில்ல வர்ற சுற்றறிக்கை, படிவம் எல்லாமே தொறந்தா மேல மஞ்சளா ப்ரொடெக்டட் வியூனு வருது, டைப் பண்ண முடியல. சில ஃபைல்ல எனேபிள் எடிட்டிங் குடுத்தா சரியாயிடுது, சில ஃபைல்ல அதுக்கப்புறமும் கர்சர் ஒரு சில கட்டத்துல மட்டும்தான் போகுது. என் லேப்டாப்ல வைரஸா? பாஸ்வேர்ட எடுக்கற சாஃப்ட்வேர் ஏதோ இருக்காமே, போடலாமா?

பழைய பென்குயின் எழுதியது:

வைரஸ் இல்லம்மா. நெட்லேர்ந்தோ மெயில்லேர்ந்தோ எறக்குற ஃபைல் மேல விண்டோஸ் இது வெளியிலேர்ந்து வந்ததுனு கண்ணுக்குத் தெரியாம ஒரு முத்திரை குத்தும், வேர்ட் அதப் பாத்துட்டு ஜாக்கிரதையா ப்ரொடெக்டட் வியூல தொறக்கும். தெரிஞ்ச ஆபீஸ்லேர்ந்து வந்ததுன்னா எனேபிள் எடிட்டிங் குடுங்க, இல்ல ஃபைல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல ஜெனரல்ல கீழ அன்பிளாக்னு இருக்கற டிக்க போட்டுடுங்க, அந்த ஃபைலுக்கு மறுபடி கேக்காது. தெரியாதவங்க அனுப்பினதுக்கு மட்டும் இதப் பண்ணாதீங்க, ட்ரஸ்ட் சென்டர்ல போயி ப்ரொடெக்டட் வியூவையே மொத்தமா ஆஃப் பண்ண சொல்லி யாராவது யோசனை சொன்னா அதையும் கேக்காதீங்க. மெயில்லேர்ந்தே நேரா தொறந்து வேலை பாக்கறதும் வேணாம், அது டெம்ப் ஃபோல்டர்ல கெடக்கற காப்பி, மொதல்ல டாக்குமென்ட்ஸ்ல சேவ் பண்ணிட்டு அப்புறம் தொறங்க. ஜிப் ஃபைலுக்கும் இதேதான், எக்ஸ்ட்ராக்ட் பண்ணாம உள்ளேர்ந்தே தொறந்து ரெண்டு மணி நேரம் டைப் பண்ணிட்டு எங்க சேவ் ஆச்சுனு தேடறவங்க ஊர்ப்பட்ட பேரு.

கர்சர் சில கட்டத்துல மட்டும் போகுதுன்னா அது ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங். படிவத்த அனுப்பினவங்க நீங்க பேரு, பள்ளி, எண்ணிக்கை மட்டும் நிரப்பணும், மேல இருக்கற வாசகத்துல கை வைக்கக் கூடாதுனு வேணும்னே பண்ணி வெச்சது. டேப் கீய அமுக்குனா ஒரு கட்டத்துலேர்ந்து அடுத்த கட்டத்துக்கு போகும், நிரப்பிட்டு அப்படியே அனுப்புங்க. நிரப்ப வேண்டிய இடமே பூட்டியிருந்தா அனுப்பினவங்கள கேட்டு வாங்குங்க. பாஸ்வேர்ட் எடுக்கற சாஃப்ட்வேர்னு நெட்ல கெடைக்கறத போட்டாதான் நெஜமாவே வைரஸ் வரும். அப்புறம் மேல "மார்க்டு அஸ் ஃபைனல்"னு வந்தா அதுக்கு பாஸ்வேர்டே கெடையாது, எடிட் எனிவே அமுக்குனா போதும், அது வெறும் அறிவிப்புப் பலகைதான்.

ஜெராக்ஸ்கடை எழுதியது:

பென்குயின் அண்ணே, சரியாயிடுச்சு! டிக்க எடுத்துட்டு எர்ரர் செக் ஓட விட்டேன், ஏதோ சரி பண்ணுச்சு, மின்ட்டுக்கு வந்ததும் நியூ ஃபோல்டர் வந்துடுச்சு, தீசிஸும் நேரா எடிட்ல தொறந்துது, லாக் பத்தி ஒண்ணுமே கேக்கல. இப்ப மிச்சம் இருக்கறது அந்த காப்பி குளறுபடிதான். நான் திருத்துனது ஒண்ணுல, பையன் போட்ட டேபிள் இன்னொண்ணுல, மூணாவதுல எவன் என்ன பண்ணான்னே தெரியல. பிரிண்ட் எடுத்து பக்கம் பக்கமா வெச்சு பாக்கறத விட்டா வழி இருக்கா?

பழைய பென்குயின் எழுதியது:

பேப்பர வீணாக்காத. புது காப்பிய மொதல்ல தொற, எடிட் மெனுவுல டிராக் சேஞ்சஸ்க்குள்ள கம்பேர் டாக்குமென்ட்னு இருக்கும், அதுல டி டிரைவ்ல இருக்கற பழைய ஒரிஜினல காட்டு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசமோ அத்தனையும் கலர்ல வந்து நிக்கும், சேத்தது அடிக்கோடு, எடுத்தது குறுக்குக் கோடு, பக்கத்துலயே அக்செப்ட் ரிஜெக்ட் பண்ற லிஸ்டும் வரும். எப்பவும் புதுச தொறந்துட்டு பழச காட்டணும், மாத்தி பண்ணா நீ சேத்ததெல்லாம் அழிச்ச மாதிரி காட்டி கொழப்பும். இப்படி மூணு காப்பியையும் ஒரிஜினலோட ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பாத்தா எதுல எந்த சாப்டர் மாறியிருக்குனு தெரிஞ்சுடும். நீ சொல்ற கணக்குப்படி ரெண்டாவதும் நாலாவதும்தான் மாறியிருக்கு, அப்ப ஒரு காப்பிய வெச்சுகிட்டு இன்னொண்ணுலேர்ந்து அந்த ஒரு சாப்டர மட்டும் எடுத்து ஒட்டுனா முடிஞ்சுது. டேபிள் உள்ள மாறியிருக்கறத மட்டும் கண்ணாலயும் ஒரு தடவை பாத்துடு, கம்பேர் அங்க கொஞ்சம் சொதப்பும்.

மவுஸ்பேடு எழுதியது:

அப்படியே அந்த யூபிஎஸ் பேட்டரியையும் மாத்திடுங்க பாஸ் :)

ஜெராக்ஸ்கடை எழுதியது:

பேட்டரிக்கு சொல்லியாச்சு, வருது. கம்பேர் பிரமாதம்ணே, மூணாவது காப்பில பையன் ஒரு ஸ்பேஸ் மட்டும் அடிச்சிருக்கான், அதுக்கு ஒரு ஃபைல். இப்ப எல்லாம் ஒண்ணா சேத்துட்டேன். கடைசியா ஒரே ஒரு டவுட், பொருளடக்கத்துல மூணாவது சாப்டர் தலைப்புல ஒரு எழுத்துப்பிழை, திருத்தப் போனா ரீட்-ஒன்லி கன்டென்ட் மாத்த முடியாதுனு மறுபடி மெரட்டுது. டிரைவ் திரும்ப போயிடுச்சான்னு பயந்துட்டேன், ஆனா மத்த இடத்துல எல்லாம் டைப் ஆகுது.

பழைய பென்குயின் எழுதியது:

டிரைவ் நல்லாதான் இருக்கு. பொருளடக்கத்த ரைட்டரே தலைப்புகளப் பாத்து தானா போடுறதால அத கையால தொடக் கூடாதுனு பூட்டி வெச்சிருக்கும். ரைட் கிளிக் பண்ணி எடிட் இன்டெக்ஸ் போனா முதல் பக்கத்துலயே கையால மாத்தாம பாதுகாக்கற டிக் இருக்கு, எடுத்தா திருத்தலாம். ஆனா அப்படி பண்ணாத, அடுத்து யாராவது அப்டேட் இன்டெக்ஸ் குடுத்தா பழைய பிழையே வந்து உக்காந்துக்கும், பக்க நம்பருக்காக நீ எப்படியும் பிரிண்டுக்கு முன்னாடி அப்டேட் குடுத்துதான் ஆகணும். மூணாவது சாப்டருக்குள்ள போயி தலைப்பையே திருத்து, அப்புறம் பொருளடக்கத்துல ரைட் கிளிக், அப்டேட் இன்டெக்ஸ்.